ஹாம்பர்க்குக்கு ஐம்பது பெட்டி: முதல் சரக்கை அனுப்புவது எப்படி?

திருப்பூரில் தைத்த பனியன்கள், 50 அட்டைப்பெட்டிகள். தூத்துக்குடி வழியாக ஜெர்மனியின் ஹாம்பர்க் போக வேண்டும். சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்தான் ஃபார்வர்டர். அவரிடம் சொந்தக் கப்பல் இருக்காது. கப்பல் நிறுவனத்திடம் இடம் வாங்கிப் பலருக்கும் பிரித்துக் கொடுப்பவர் அவர். அவரிடம் விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை இவை.

படி 1: அளந்து பாருங்கள்
பெட்டி 60 × 40 × 40 செ.மீ., எடை 12 கிலோ என்றால், மொத்தம் 4.8 கன மீட்டர், 600 கிலோ. கடல் வழியில் கன மீட்டர், டன் இரண்டில் எந்த எண் பெரிதோ அதற்குத்தான் கட்டணம், எனவே 4.8. விமானத்தில் கன செ.மீ. கணக்கை 6,000ஆல் வகுப்பார்கள்: 800 கிலோ! இருப்பதோ 600 கிலோதான். மீதி 200 கிலோவுக்குக் காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள்.

காலிப் பெட்டியை அளந்து ஏமாந்தவன் நான். துணியைத் திணித்ததும் பெட்டி உப்பி 63 × 43 × 42 ஆகிவிட்டது. கிடங்கில் அளந்தபோது 5.69 கன மீட்டர். ஒட்டிய பிறகே அளவெடுங்கள்.

படி 2: முழுக் கண்டெய்னரா, பங்கா?
20 அடிக் கண்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். நம் சரக்குக்குப் பங்கு இடமே போதும். அதை எல்சிஎல் என்பார்கள்.

படி 3: யார் செலவு எதுவரை?
வாங்குபவரோடு பேசிய விலை எஃப்ஓபி தூத்துக்குடி என்றால், கப்பலில் ஏற்றும்வரை உங்கள் பொறுப்பு. சிஐஎஃப் ஹாம்பர்க் என்றால் கடல் கட்டணமும் காப்பீடும் உங்கள் தலையில். விலை பேசும்போதே இதை எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: காகிதங்கள்
ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், விலைப்பட்டியல், பேக்கிங் லிஸ்ட் மூன்றும் தயாராக இருக்கட்டும். ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் இரண்டையும் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். முன்னது, ஏற்றுமதிக்கு அனுமதி கேட்டுச் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்வது. பின்னது, சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு ரசீதாக உங்கள் கைக்கு வருவது.

பில் ஆஃப் லேடிங்கின் அசல் வழக்கமாக மூன்று பிரதிகள். அதில் ஒன்றை ஒப்படைத்தாலே அங்கே சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். புது வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பணம் வருவதற்குள் அவருக்கு நேராகக் கூரியரில் அனுப்பாதீர்கள். மூன்றையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.