ஒரு நூல் தவறினால்: உதிரிப் பாகங்களில் கிட்டார் கட்டுபவர்கள் செய்யும் தவறுகள்

ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற எலக்ட்ரிக் கிட்டாரில் பழையவை மூன்றைப் பிரித்து, நல்ல பாகங்களை மட்டும் சேர்த்து ஒரு கிட்டார் கட்டிக்கொண்டார். அதற்கு ‘பிளாக்கி’ என்று பெயர். 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்கு விலைபோனது. இந்தக் கதையைக் கேட்டு ஆசைப்பட்டு உதிரிப் பாகம் வாங்கத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே மாடல் கிட்டார்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், நெக்கை (கிட்டாரின் கழுத்து) பாடியில் (உடல்) பசை போட்டு ஒட்டாமல் நான்கு ஸ்க்ரூவில் மாட்டும்படி வடிவமைத்திருந்தார். அதனால் ஒன்றின் நெக் இன்னொன்றின் பாடியில் உட்கார்ந்தது.

நாம் வாங்கும் பாகங்கள் அப்படி இல்லை. பாடி ஓர் ஊரில், நெக் ஓர் ஊரில், பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வேறெங்கோ செய்யப்பட்டிருக்கும். படத்தில் எல்லாம் ஒரே அச்சாகத் தெரியும். கையில் வந்தால் ஒரு நூல் தவறும். தச்சு வேலையில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டாரில் அது பெரிய தவறு.

பிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். ஆறு ஸ்க்ரூ வைத்த ட்ரெமோலோ பிரிட்ஜ் (பிடியை அசைத்தால் சுருதி ஆடும் வகை) பொதுவாக இரண்டு அளவில் வருகிறது. பழைய ஃபெண்டர் முறையில் முதல் ஸ்க்ரூவுக்கும் ஆறாவது ஸ்க்ரூவுக்கும் நடுவே 56 மி.மீ. ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பலவற்றில் 52.5 மி.மீ. ஒன்றுக்குப் போட்ட துளையில் மற்றது உட்காரவே உட்காராது. அகலம் சரியாக இருந்தாலும் அடியில் தொங்கும் இரும்புக் கட்டையின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த பாடிகள் பலவும் 45 மி.மீ. பருமன் இருப்பதில்லை, 40 வரைகூட இறங்கும். தடித்த பாடிக்கான கட்டையை அதில் மாட்டினால் பின்பக்கம் வெளியே துருத்தும். கம்பியை முறுக்கும் ட்யூனரின் துளையிலும் இதே சிக்கல்தான்: பழைய பாணி நெக்கில் ஏறக்குறைய 8.5 மி.மீ., புதியதில் 10 மி.மீ. ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டர் (டெலி) நெக்கின் அடிப்பாகம் சதுரம், ஸ்ட்ராட்டில் வளைவு. டெலி நெக்கை ஸ்ட்ராட் பாடியில் வைத்தால் மூலை இடிக்கும். மாற்றி வைத்தால் இரண்டு மூலையிலும் சந்து தெரியும்.

அதனால் பாகம் வாங்கும் முன் காலிப்பர் ஒன்று வாங்குங்கள். விற்பவரிடம் அளவு கேட்கக் கூச்சப்படாதீர்கள். அளவு சொல்ல முடியாதவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

இனி, இந்த வேலையில் பணமும் மனமும் அதிகம் சேதமாகும் இடம்: பிரிட்ஜுக்குத் துளை போடுவது. என் முதல் கிட்டாரில் பிக்கார்டு (பாடியின் மேல் வரும் தகடு) வெட்டியிருந்த இடத்தை நம்பிப் பிரிட்ஜை வைத்துத் துளையிட்டேன். கம்பி மாட்டிய பிறகுதான் தெரிந்தது, ஆறாவது கம்பி, அதாவது தடித்தது, நெக்கின் ஓரத்திலேயே ஓடியது, அழுத்தினால் வெளியே வழுக்கி விழுந்தது. அந்தத் துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, மறுபடி துளைக்க வேண்டியதாயிற்று.

செய்ய வேண்டிய முறை இதுதான். முதலில் நெக்கை மாட்டிவிடுங்கள். நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) 12ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து, அதே நீளத்தை அங்கிருந்து பாடிப் பக்கம் அளந்து குறியுங்கள். ஸ்ட்ராட், டெலி நெக் என்றால் அது 324 மி.மீ. இருக்கும், மொத்தம் 648. இன்னொரு கம்பெனியான கிப்சனின் அளவு நெக் என்றால் மொத்தமே 628 பக்கத்தில்தான். ஃபெண்டர் பாடியில் பொருந்தும்படி அடிப்பாகம் செதுக்கிய கிப்சன் அளவு நெக்குகளும் கடையில் உண்டு, ஆகவே பார்த்த மாத்திரத்தில் 648 என்று முடிவு செய்யாதீர்கள். குறித்த இடத்தில் முதல் கம்பியின், அதாவது மெல்லியதன், சேடில் (பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் துண்டு) வர வேண்டும், அந்த சேடிலை ஏறக்குறைய முழுதும் முன்னே தள்ளி வைத்த நிலையில். தடித்த கம்பிகளுக்குச் சுருதி சேர சேடில் இன்னும் பின்னே போக வேண்டியிருக்கும், அதற்கு இடம் வேண்டும். அப்புறம் முதல் ட்யூனரிலிருந்தும் ஆறாவது ட்யூனரிலிருந்தும் இரண்டு தையல் நூலை நட் வழியே பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டுங்கள். ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்திலும் ஒரே இடைவெளி இருக்கும்வரை பிரிட்ஜை நகர்த்துங்கள். நூல் பிடித்தாற்போல் நின்ற பிறகே டிரில்லைக் கையில் எடுங்கள்.

நெக்கின் நான்கு ஸ்க்ரூவில் ஒரு நுணுக்கம் உண்டு. பாடியில் உள்ள துளை, ஸ்க்ரூ தாராளமாக நுழையும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், பிடி நெக்கில் மட்டும் விழ வேண்டும். பாடியிலும் மரை பிடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தங்கிவிடும். நெக் செய்யும் மேப்பிள் இறுகிய மரம். முன்துளை போடாமல் முறுக்கினால் ஸ்க்ரூ தலை கழன்று உள்ளேயே நின்றுவிடும், ட்யூனரின் சின்ன ஸ்க்ரூக்கள் இன்னும் சுலபமாக உடையும். மரையில் மெழுகுவத்தியையோ சோப்பையோ தேய்த்து விடுங்கள். ஆழத்தைக் குறிக்க டிரில் பிட்டில் டேப் ஒட்டுங்கள். ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த பிட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வயரிங்கில் முதல் தவறு நிறத்தை நம்புவது. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம் பிக்கப். அதில் ஒரு காயில் இருந்தால் சிங்கிள் காயில், இரண்டு இருந்தால் ஹம்பக்கர். சீமோர் டங்கன் கம்பெனியின் ஹம்பக்கரில் சிக்னல் வயர் கருப்பு. டிமார்ஸியோ கம்பெனியில் சிவப்பு. இரண்டிலும் பச்சைதான் கிரவுண்ட். ஒன்றின் படத்தைப் பார்த்து இன்னொன்றை இணைத்தால் பாதி காயில் மட்டும் பேசும், அல்லது ஓசையே வராது. வெவ்வேறு கம்பெனிப் பிக்கப் இரண்டைச் சேர்த்து வாசிக்கும்போது ஓசை மெலிந்து மூக்கால் பேசுவது போல வந்தால், இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன என்று அர்த்தம். மாட்டுவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பிக்கப்பில் இணைத்து, அதன் மேல் ஸ்க்ரூடிரைவரை வையுங்கள், அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். எல்லாப் பிக்கப்பிலும் ஒரே திசையில் நகர வேண்டும். அப்படி நகராததில் வயர்களை மாற்றிப் போட்டால் போதும். டெலியின் நெக் பிக்கப் போல உலோக மூடி கிரவுண்டில் சேர்ந்திருந்தால் அந்த இணைப்பை முதலில் பிரித்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சிங்கிள் காயிலுக்கு 250 கே பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்), ஹம்பக்கருக்கு 500 கே. ஹம்பக்கரில் 250 போட்டால் ஓசை மங்கும். சென்னை ரிச்சி தெருவில் கெப்பாசிட்டர், வயர், ஸ்விட்ச் எல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆனால் பாட் வாங்கும்போது லாக் வகையா லீனியரா என்று கேளுங்கள். வால்யூமுக்கு லீனியர் போட்டால் திருகும் தூரத்துக்கும் காதுக்குக் கேட்கும் மாற்றத்துக்கும் ஒட்டாது.

கிரவுண்ட் வயர் ஒட்டும் இடமான பாட்டின் முதுகைச் சூடாக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். நீண்ட நேரம் வைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே கார்பன் தடம் கருகும். 40 வாட்டுக்கு மேல், அகல முனை, முதுகை உப்புத்தாளால் சுரண்டிவிட்டு இரண்டு மூன்று நொடி, அவ்வளவுதான். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்டைத் தொடவே கூடாது.

பிரிட்ஜிலிருந்து வால்யூம் பாட்டுக்கு ஒரு கிரவுண்ட் வயர் போக வேண்டும். அதைப் பலர் மறக்கிறார்கள். அந்த வயர் வழியாகக் கம்பியும் உங்கள் கையும் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயர்) உலோகச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். எனவே ஆம்ப் செருகும் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் மாட்டியதும் அன்றைக்கே நட்டை அராவாதீர்கள். கம்பியைச் சுருதி கூட்டி இரண்டு நாள் விடுங்கள், நெக் இழுவைக்குப் பழகும். பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே இடைவெளியைப் பாருங்கள். கால் மி.மீ. அளவு இருந்தால் போதும். இல்லையென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) திருப்பிச் சரிசெய்யுங்கள், ஆனால் ஒரே நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். அது சரியான பின் சேடில் உயரம், அதற்குப் பின் சேடிலை முன்பின் நகர்த்திச் சுருதி. இந்த வரிசையை மாற்றினால் முதல் வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.