வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் போர்வை விற்பது எப்படி

வேலையில் இருந்துகொண்டே ஆன்லைனில் ஏதாவது விற்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு முதல் போட வேண்டும் என்றுதான். பணத்துக்கு முன்னால் தீர்ந்துபோவது நேரம். நான் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வீடு. சமையலும் பையனின் வீட்டுப்பாடமும் போக மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்குகிற சரக்கைத்தான் விற்க முடியும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, எஸ், எம், எல் என்று சைஸ் பார்க்காத சரக்காக எடுங்கள். திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் டி-ஷர்ட்டில் கை வைக்கிறார்கள். நான்கு சைஸ், ஐந்து நிறம் என்றால் ஒரே டிசைனுக்கு இருபது வகை இருப்பு வைக்க வேண்டும். ஒருவருக்குத் தோள் பிடிக்கும், ஒருவருக்கு நீளம் பத்தாது, பார்சல் திரும்பி வரும். திரும்பி வந்ததைப் பிரித்து, மடித்து, மறுபடி கணக்கில் ஏற்றுவதற்கே உங்கள் ராத்திரி போய்விடும். போர்வை, துண்டு, ஜமக்காளம், தலையணை உறை இவற்றில் அந்த ரோதனை கிடையாது. நீள அகலத்தைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். கெட்டுப்போகிற பொருளும் இல்லை, இந்த மாதம் விற்காதது அடுத்த மாதம் விற்கும். ஊத்துக்குளி வெண்ணெயும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் நல்ல சரக்குதான். ஆனால் உணவு என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, காலாவதித் தேதி என்று வேறு வேலைகள் சேரும். வேலைக்குப் போகிறவர் அதில் தொடங்க வேண்டாம்.

சரக்கு எடுக்க லீவு போட வேண்டியதில்லை. ஈரோடு கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கட்கிழமை ராத்திரியே தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். வேலை முடிந்து போனாலே பார்த்துவிடலாம். மொத்த விலை என்ன என்று அங்கே நாலு கடையில் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைக்குப் போய்த் தறிக்காரர்களிடமும் விசாரியுங்கள். முதலில் ஐந்தாறு டிசைனில் இரண்டிரண்டு உருப்படி போதும். தைப்பூசத் தேர் சமயத்தில் எனக்கு நெய்து தருகிறவர்கள் தறியில் உட்கார மாட்டார்கள். அதற்கு முன்பே இருப்பு எடுத்துவிடுவேன்.

எடுத்த சரக்கை அப்படியே படம் பிடித்துப் போட்டுவிடாதீர்கள். எனக்குப் போர்வை தரும் பெரியவர் சொன்னது: "நாஞ் சொல்றத நம்பாத அம்மிணி, நீயே ஒருக்கா தொவச்சுப் பாரு." ஒவ்வொரு டிசைனிலும் ஒன்றை நான் வீட்டுக்கென்று வைத்துக்கொள்வேன். துவைப்பதற்கு முன் கட்டிலில் விரித்து அங்குல டேப்பால் அளந்து எழுதிவைப்பேன். பிறகு ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து ஊறவைத்துத் துவைத்து, நிழலில் காயவைத்து, மறுபடி அளப்பேன். பருத்தி சுருங்கத்தான் செய்யும். 100 அங்குலம் 96 ஆகிவிட்டால் 96 என்றே விவரத்தில் போடுவேன். வெள்ளைத் துண்டில் சிவப்பு ஏறியிருந்தால் அந்த டிசைன் வேண்டாம், அல்லது தனியாகத் துவைக்கவும் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். படத்தைக் காலை வெயில் ஏறுவதற்கு முன் வாசலில் வைத்து எடுங்கள். ராத்திரி டியூப் லைட்டில் மெரூன் பழுப்பாகத் தெரியும், வந்த பார்சலைப் பார்த்து வாடிக்கையாளர் நிறம் வேறு என்பார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விசைத்தறியில் ஓடியதைக் கைத்தறி என்று விற்காதீர்கள். போர்வையும் ஜமக்காளமும் 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களில் வருபவை. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கோரா என்கிற வெளுக்காத நூலைச் சாயமேற்றி, அகலத் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வதற்கு உண்டான கூலி, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டவருக்குப் போனால் அந்தத் தறி நின்றுபோகும். எது எந்தத் தறி என்று தெரியாவிட்டால் பருத்திப் போர்வை என்று மட்டும் எழுதுங்கள்.

இப்போது கணக்கு. வியாபாரம் நிற்பதும் படுப்பதும் இங்கேதான். உதாரணத்துக்கு ஒரு போர்வையை 799 ரூபாய்க்கு ஒரு விற்பனைத் தளத்தில் போடுகிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள போர்வைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்று வைத்துக்கொண்டால், அந்த 38 ரூபாய் போக 761. கொள்முதல் 430, பேக்கிங் 20, கூரியர் 110, தளத்தின் கமிஷனும் மற்ற கட்டணங்களும் 120 என்று வையுங்கள். மொத்தம் 680. நிற்பது 81 ரூபாய். பத்துக்கு ஒன்று திரும்பி வந்தால், போக வரக் கூரியர் 220, பேக்கிங் 20, ஆக 240 நஷ்டம். ஒன்பதில் வந்த 729இல் அது போனால் 489. இரண்டு திரும்பினால் எட்டில் வந்த 648இல் 480 போய் 168 ரூபாய்தான் மிச்சம். பத்துப் பார்சல் கட்டியதற்கு 168 ரூபாய்! கேஷ் ஆன் டெலிவரியைத் திறந்துவிடும் முன் இந்தக் கணக்கை உங்கள் சரக்குக்குப் போட்டுப் பாருங்கள். நான் வாட்ஸ்அப்பில் வருகிற ஆர்டருக்கு முன்பணம் வாங்கித்தான் அனுப்புகிறேன். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பார்சல் கட்டுவேன்.

கூரியர் 110 என்றேனே, அதுவும் மடிப்பைப் பொறுத்தது. பெரும்பாலான கூரியர்கள் எடை ஒன்று, இடம் ஒன்று என இரண்டும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது வழக்கம். 35, 28, 15 அளவுள்ள அட்டைப்பெட்டியில் வைத்தால் 2.94 கிலோ. அதே போர்வையை இறுக்கி மடித்து 7 சென்டிமீட்டர் உயரத்தில் பாலித்தீன் கூரியர் கவரில் போட்டால் 1.37 கிலோ. உள்ளே இருக்கிற போர்வை 1.2 கிலோதான். மடிக்கும்போது முழங்காலால் காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு ஒட்டுங்கள், பாதிக் கூலி மிச்சம்.

பகல் இரண்டு மணிக்குப் பார்சல் எடுக்க ஆள் வந்தால் எங்கள் வீட்டில் அத்தை இருப்பார்கள், ஒப்படைத்து விடுவார்கள். வீட்டில் யாரும் இல்லாதவர்கள், பஸ் இறங்கும் இடத்தில் ராத்திரி எட்டு வரை திறந்திருக்கும் கூரியர் ஆபீஸ் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி மட்டும் அனுப்புவோம் என்று போட்டுவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் போகும் பதில் ஒன்று எழுதிவையுங்கள்: "வணக்கங்க, இரவு 7 மணிக்கு மேல் பதில் தருகிறோம்." ஆபீஸ் நேரத்தில் போனை எடுக்கவே கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டர், மெயில், பிரிண்டர் எதையும் தொடக் கூடாது.

வேலை உத்தரவை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்றோ, அனுமதி வேண்டும் என்றோ ஒரு பத்தி இருக்கும். நான் ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனி விற்கும் அதே சரக்கை விற்காதீர்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்ய முடியாது.

பதிவுகள் பற்றிச் சுருக்கமாக. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. உங்கள் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. 2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாத சிறு வியாபாரிகளும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும் தளங்கள் வழியே விற்கலாம். அதற்கு ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பெங்களூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் பொதுவாகப் பதிவு கட்டாயம். அப்போது வீட்டு முகவரிக்கு ஈபி பில்லோ வீட்டு வரி ரசீதோ கேட்பார்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தால் அவரிடம் ஒரு சம்மதக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

சம்பளக் கணக்கில் வியாபாரப் பணத்தைக் கலக்காமல் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக்கு, சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் இனி ஆகாது. வியாபார வருமானம் வந்துவிட்டதால் 3 அல்லது 4. நான்காவதில் உத்தேச முறைப்படி, வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதமும் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால், விரிவான கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். ஆனாலும் கொள்முதல் பில், கூரியர் ரசீது, திரும்பி வந்த பார்சல் விவரம் மூன்றையும் மாதவாரியாக ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தையும் சித்திரை வெயிலில் போர்வை நகராத மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அடுத்த கொள்முதல் எவ்வளவு என்று முடிவு செய்யலாம்.