அட்டப்பாடிக்குப் படமெடுக்க வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் உள்ள அகளிக் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கோவையிலிருந்து ஆவணப்படம் எடுக்க வந்திருந்த இளைஞர்கள் சிலர் பக்கத்து மேசையில் தங்கள் திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். "இருளர் பேச்சு கொச்சைத் தமிழ்தானே, சமாளித்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னதும், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தமிழக எல்லையிலுள்ள ஆனைகட்டியைத் தாண்டி கேமராவோடு வந்த நானே எதிரில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வனத்துறை அனுமதி, கூடுதல் பேட்டரி, ட்ரோன் கட்டுப்பாடு ஆகியவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்று சமூகங்களை ஒன்றாக்குவது

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என மூன்று பழங்குடிகள் இருக்கிறார்கள். சாலையோர ஊரில் ஓர் இருளரைப் பேட்டி எடுத்து, அந்தக் குரலைக் குறும்பர் வாழும் உள்காட்டுக் காட்சிகளின் மேல் ஓட்டி, 'மலைவாழ் மக்கள்' என்று எழுத்துப் போட்டால் அந்தப் படத்தில் இருவருமே இல்லை. இருளர் ஊருக்குள்ளும் மூப்பன் (ஊர்த் தலைவர்), வண்டாரி (பணப் பொறுப்பாளர்), குறுதலை (மூப்பனின் உதவியாளர்), மண்ணுக்காரன் (விவசாயப் பொறுப்பாளர்) என்று பொறுப்புகள் பிரிந்திருக்கின்றன. விதைப்பைப் பற்றி மண்ணுக்காரனிடம் கேட்க வேண்டியதை மூப்பனிடம் கேட்டு, அவர் மரியாதைக்குச் சொன்ன இரண்டு வாக்கியங்களோடு திரும்புகிறவர்களே அதிகம்.

மொழி புரிந்துவிட்டதாக நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. இருளர் பேசும் இருளம் தனித் திராவிட மொழி. தமிழ் எழுத்தில் தனி வடிவம் இல்லாத நடுநா உயிரொலிகள் (நாவின் நடுப்பகுதி உயர்ந்து பிறப்பவை) அதில் உண்டு. செக் நாட்டு மொழியியலாளர் கமில் சுவெலபில் 1973 முதல் 1982 வரை அதைப் பற்றி மட்டும் மூன்று பகுதிகளாக எழுதியிருக்கிறார். அந்த மொழியில் பாடிய அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு 2020ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்த பிறகும், எல்லைக்கு இந்தப் பக்கத்தார் அதைக் கொச்சைத் தமிழ் என்றும் அந்தப் பக்கத்தார் கொச்சை மலையாளம் என்றும் சொல்வது நிற்கவில்லை.

எனக்கும் பாதிச் சொற்கள் காதில் பிடிபட்டன. ஆபத்து அந்தப் பாதியில்தான் இருந்தது. முதிய பெண்மணி ஒருவர் கம்பளத்தைப் பற்றி, அதாவது பொறை மேளமும் கொகல் குழலும் முழங்க ஊரே சேர்ந்து மலைச்சரிவைக் கொத்தி விதைக்கும் வழக்கத்தைப் பற்றி, இருபது நிமிடம் பேசினார். சப்டைட்டிலை யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். அவர் பேச்சை நிறுத்தி எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு விநாடிகளை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பொறைத் தாளத்தை ஏற்றினேன். எடிட்டிங் மேசையில் அது எனக்கு மிகவும் பிடித்த இடமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் திரையிட்டபோது யாரும் சிரிக்கவுமில்லை, கைதட்டவுமில்லை. பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி பிறகு என்னிடம் வந்து, "பாட்டி நெலம் போன கதையச் சொல்லுச்சுங்கண்ணா, நீங்க திருவிழான்னு எழுதியிருக்கீங்க" என்றாள். அந்தச் சரிவு கைமாறிய பின் அங்கே கம்பளம் நடக்கவில்லை என்பதுதான் அந்த இருபது நிமிடத்தின் சாரம். பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் இழந்ததை மீட்டுத் தரவும் கேரளத்தில் 1975இல் சட்டம் வந்த பின்னும் தீராத ஒரு வழக்கை நான் கொண்டாட்டமாக மாற்றி வைத்திருந்தேன். மறுபடி வெட்டி, வர்ணனைக் குரலையும் புதிதாகப் பதிவு செய்ததில் 80,000 ரூபாய் கைக்காசு போனது. அனுப்ப எண்ணியிருந்த விழாவின் கடைசி நாளும் தாண்டிவிட்டது.

இருளத்துக்கெனத் தனி எழுத்து இல்லை. இப்போதெல்லாம் ஊரில் பள்ளி முடித்த ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தி, பேச்சு முழுவதையும் அவருக்குத் தெரிந்த மலையாள எழுத்தில் முதலில் எழுதி வாங்குகிறேன். பிறகு பேசியவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தமிழாக்குகிறேன். ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கான பணத்தையும் நாட்களையும் திட்டச் செலவில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

உடை மாற்றச் சொல்வது

படத்துக்காக உடை மாற்றும்படி யாரையும் கேட்கவே கேட்காதீர்கள்.

ஆளில்லாத காடு

அட்டப்பாடியை ஒட்டிய சைலன்ட் வேலி 1984இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முக்காலி வழியாக உள்ளே போகும் குழுக்கள், சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) இருக்கும் மரத்தைக் காட்டிக்கொடுத்த பழங்குடிக் காவலர் ஃபிரேமை விட்டு விலகும்வரை காத்திருந்துதான் பதிவுப் பொத்தானை அழுத்துகின்றன. அவர் மரத்தை நோக்கிக் கை நீட்டும் காட்சியிலிருந்தே தொடங்கலாம்.

பெயர்கள்

எழுதிய பெயரை அவரவரிடம் வாசித்துக் காட்டிய பின் படத்தில் போடுங்கள். ஊர்ப் பெயரும் சேர வேண்டும்.