பட்டேலைப் பற்றி மூன்று நிமிடம் பேச

இந்தியாவின் முதல் உள்துறை அமைச்சர் வல்லபாய் பட்டேலைப் பற்றிப் பேச, கல்லடியில் என் மகளைப் பேச்சுப்போட்டிக்குப் பழக்கிய முறை இது. 1875, நடியாத் என்று பிறப்பில் தொடங்க வேண்டாம். சபை கொட்டாவி விடும். 1928, குஜராத்தின் பர்தோலியில் தொடங்குங்கள்: உயர்த்திய நிலவரியைக் கட்டமாட்டோம் என்று பட்டேல் தலைமையில் விவசாயிகள் நின்ற ஊர். 'சர்தார்' என்ற பெயர் அவருக்கு நிலைத்ததும் அதற்குப் பிறகுதான். வயல்காரர் நமக்கு இது சட்டென்று புரியும்.

அப்புறம் சமஸ்தானங்கள், அதாவது பிரிட்டிஷ் காலத்தில் மன்னர்கள் ஆண்ட அரசுகள். அவற்றை இந்தியாவோடு இணைக்கும் வேலையைப் பட்டேல் முன்நின்று செய்தார். 560-க்கு மேல் இருந்தன, அடுக்காதீர்கள். ஜூனாகத், ஹைதராபாத் இரண்டும் போதும். 1948 செப்டெம்பரில் ஹைதராபாத்துக்கு இந்தியப் படை போனதை மறைக்க வேண்டாம். இந்த வேலையில் பட்டேலுக்குத் துணை நின்ற அதிகாரி வி.பி. மேனனின் பெயரையும் சேருங்கள், பலர் அவரை விட்டுவிடுகிறார்கள்.

சரி, இனிக் கொப்பியை மூடிவிட்டுப் பின்னேரம் வாவிக்கரையில் சத்தமாகப் பேசிப் பாருங்கள். என் மகள் 'சமஸ்தானம்' என்ற சொல்லில் மூன்று தரம் இடறினாள். அதை மட்டும் பத்துத் தரம் சொல்ல வைத்தேன்.