தொங்கும் வாட்டர் கூலிங் கிராபிக்ஸ் கார்டுக்கு முட்டுக் கொடுப்பது எப்படி?

கேபினெட்டின் கண்ணாடிக் கதவைக் கழற்றிவிட்டு, கிராபிக்ஸ் கார்டின் விளிம்பைக் கண்மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மானிட்டர் கேபிள் சொருகும் பக்கம் மேடாகவும் எதிர்முனை பள்ளமாகவும் தெரிந்தால் கார்டு தொங்குகிறது என்று அர்த்தம். கொஞ்சம் தொங்கினால் என்ன என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். காற்றுக் கூலர் போட்ட சின்ன கார்டு என்றால் பரவாயில்லை. வாட்டர் பிளாக் (தண்ணீர் ஓடி சிப்பின் சூட்டை எடுத்துச் செல்லும் பாகம்) போட்ட கார்டை அப்படி விடக்கூடாது. கார்டு இறங்கும்போது அதோடு இணைந்த தண்ணீர் டியூபும், டியூபைப் பிளாக்கோடு இணைக்கும் ஃபிட்டிங்கும் சேர்ந்து இழுபடுகின்றன. 4 மில்லிமீட்டர் இறக்கத்தைப் போர்டு ஒருவேளை தாங்கிக்கொள்ளும். ஹார்டு டியூப் (கெட்டியான குழாய்) ஃபிட்டிங்குக்குள் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் தாங்கும் என்று நம்பி உட்கார முடியாது. கசிந்தால் நனைவது கார்டு மட்டுமல்ல.

அதனால் கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: முதலில் முட்டு, அப்புறம்தான் டியூப்.

எடை எங்கே விழுகிறது?

ஆர்டிஎக்ஸ் 4090 வகையில் காற்றுக் கூலரோடு வரும் பல கார்டுகள் 2 கிலோவைத் தாண்டும். வாட்டர் பிளாக் மாட்டினால் கார்டு சிறிதாகிவிடும், எடையும் அதற்கேற்பக் குறைந்துவிடும் என்று நினைப்போம். அளவு குறைவது உண்மை; எடை அந்த அளவுக்குக் குறையாது. காற்றுக் கூலரின் தகடுகள் அலுமினியம், பிளாக்கின் அடித்தட்டு செம்பு. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், அதே அளவு செம்பு ஏறக்குறைய 9 கிராம். முழுக் கார்டையும் மூடும் செம்புப் பிளாக், கார்டின் முதுகை மூடும் உலோகப் பேக்பிளேட் என்று சேரும்போது கையில் எடுத்தாலே கனம் தெரியும்.

தண்ணீரின் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள டியூபில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 80 கிராம் தண்ணீர்கூட நிற்காது. தொல்லை தருவது டியூபின் விறைப்புதான். வளைத்து மாட்டிய சாஃப்ட் டியூப் நிமிரப் பார்க்கும். அப்படி நிமிரும்போது கார்டைத் தள்ளும் அல்லது இழுக்கும்.

கார்டை இரண்டு பக்கம்தான் பிடித்திருக்கிறது. ஒன்று மதர்போர்டில் உள்ள ஸ்லாட், இன்னொன்று கேபினெட்டின் பின்பக்கம் திருகும் உலோகப் பட்டை. இந்த இரண்டிலிருந்தும் மிகத் தள்ளி இருப்பது கண்ணாடிக் கதவை ஒட்டிய முன் மூலை. கார்டு அங்கேதான் அதிகம் இறங்கும், முட்டும் அங்கேதான் நிற்க வேண்டும். நீளவாக்கில் நடுவில் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஸ்லாட்டின் பூட்டு பிடிக்கும் கொக்கிப் பகுதியை ஒட்டிய இடத்தில்தான் போர்டு அதிகம் வளையும். அங்கே மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலே உள்ளடுக்குகளில் ஓடும் இணைப்புகள் அறுந்துபோகலாம். இரும்புக் கவசம் போட்ட ஸ்லாட் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கவசம் ஸ்லாட்டைக் காப்பாற்றும், கார்டின் போர்டு வளைவதைத் தடுக்காது.

படி 1: இடத்தை அளந்து முட்டைத் தேர்வு செய்யுங்கள்

கார்டின் அடிப்பகுதியிலிருந்து அதற்கு நேர் கீழே உள்ள தளம் வரை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேபினெட்டுகளில் அந்தத் தளம் பவர் சப்ளையை மூடியிருக்கும் தகடாக இருக்கும்.

அங்கே வெற்றிடம் இருந்தால் திருகி உயரம் மாற்றும் கம்பம் போன்ற ஸ்டாண்டுதான் என் முதல் தேர்வு. எடையை நேராகத் தளத்துக்கு இறக்கிவிடும் என்பதால் இதைவிட உறுதியானது இல்லை. அடியில் காந்தம் உள்ளதை வாங்கினால் நகராது. ஆனால் காந்தம் இரும்புத் தகட்டில்தான் ஒட்டும். உங்கள் கேபினெட் அலுமினியம் என்றால் இரட்டைப் பக்க டேப் தேவைப்படும்.

வாட்டர் கூலிங் போட்டவர்கள் பலருக்கு அந்த இடத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டரோ ஃபேன்களோ இருக்கும். ஃபேன் மேல் கம்பத்தை நிறுத்த முடியாது. அப்போது பின்பக்கத்தில் காலியாக உள்ள ஸ்லாட் துளையில் திருகி, கை போல நீண்டு கார்டைத் தாங்கும் பிராக்கெட்டை வாங்குங்கள். இரண்டு ஸ்லாட்டுக்கு நடுவே இருக்கும் தூரம் 20.32 மில்லிமீட்டர். எத்தனை ஸ்லாட் காலி என்று எண்ணி அதால் பெருக்கினால் உங்களிடம் உள்ள உயரம் தெரிந்துவிடும். இந்த வகையில் கை மெல்லிய தகடாக இருந்தால் அதுவும் சேர்ந்து வளையும். தடித்த உலோகமா என்று பார்த்து வாங்குங்கள்.

3டி பிரின்டர் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டைத் தாங்களே அச்சடிக்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். அது 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும், பாரம் இருந்தால் அதற்கு முன்பே மெல்லத் தணியும். பிஇடிஜி பயன்படுத்துங்கள்.

மேலிருந்து நைலான் நூலால் கட்டித் தொங்கவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூல் நாளடைவில் நீளும். உலோகக் கம்பியை அந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அறுந்து விழுந்தால் ஷார்ட் ஆகும்.

படி 2: மின்சாரத்தை நிறுத்துங்கள்

கணினியை ஷட் டவுன் செய்து, பவர் சப்ளையின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கிவிடுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இங்கே ஒன்று. உங்கள் லூப்பில் (தண்ணீர் சுற்றி வரும் பாதையில்) ஏற்கெனவே ஹார்டு டியூப் மாட்டித் தண்ணீரும் நிரப்பியிருந்தால், கார்டை நிமிர்த்துவதற்கு முன் தண்ணீரை முழுக்க வடித்து, கார்டில் சேரும் டியூபுகளைக் கழற்றிவிடுங்கள். தொங்கிய நிலையில் அளந்து வெட்டிய டியூப் அது. கார்டைச் சில மில்லிமீட்டர் தூக்கினால் ஃபிட்டிங்கிலிருந்து கோணலாக இழுபடும். சாஃப்ட் டியூப் என்றால் தண்ணீரை வடிக்காமலே செய்யலாம், டியூபில் தளர்வு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: படுக்க வைத்துத் திருகுங்கள்

பலருடைய கார்டுகளில் தொங்கலில் பாதி இந்தப் படியிலேயே போய்விடும். கேபினெட் நின்றபடி இருக்கும்போது கார்டை மாட்டினால், அது தன் எடையால் தொங்கிய நிலையிலேயே பட்டை திருகப்பட்டுவிடும். அப்புறம் அது நிமிரவே நிமிராது.

ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி) மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மதர்போர்டு கீழே வரும்படி கேபினெட்டை மெதுவாகப் படுக்க வையுங்கள். இப்போது கார்டு செங்குத்தாக நிற்கும், அதன் எடை நேராக ஸ்லாட்டுக்குள் இறங்கும். பின்பக்கத் திருகுகளைத் தளர்த்துங்கள். கார்டை ஸ்லாட்டுக்குள் மெல்ல அழுத்துங்கள். பூட்டு விழும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். பட்டை கேபினெட்டோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் இரண்டு திருகுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே திருகு போட்டு விட்டுவிடாதீர்கள். பிறகு கேபினெட்டை நிமிர்த்தி நிறுத்துங்கள்.

படி 4: எதைத் தாங்குவது?

வழக்கமான டவர் கேபினெட்டில் கிராபிக்ஸ் சிப் தரையைப் பார்த்து இருக்கும். ஆகவே வாட்டர் பிளாக்கின் முகப்புதான் கீழ்ப்பக்கம். அந்த முகப்பு பெரும்பாலும் தண்ணீர் ஓடுவது தெரிகிற அக்ரிலிக் தகடு. முட்டின் நுனியைக் கொண்டுபோய் அதன் நடுவில் வைத்தால், ஒரே புள்ளியில் பாரம் விழுந்து அக்ரிலிக் திருகுத் துளையை ஒட்டி வெடிக்கக்கூடும். வெடித்தால் தண்ணீர் கீழே உள்ள பவர் சப்ளை மேல்தான் சொட்டும்.

வாழைக்கு முட்டுக் கொடுப்பவர்கள் கழியைத் தாரில் வைக்க மாட்டார்கள், மரத்தின் கழுத்தில்தான் கொடுப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பிளாக்கின் ஓரத்தில் செம்போ நிக்கல் பூசிய உலோகமோ வெளியே தெரியும் இடத்தைத் தேடுங்கள். சில பிளாக்குகளில் முன்முனை வரை உலோகச் சட்டம் நீண்டிருக்கும். முட்டுக்கு அதுதான் சரியான இடம். உலோகம் எங்குமே வெளியே தெரியாவிட்டால், நுனி அகலமாக உள்ள முட்டை எடுத்து, விளிம்பை ஒட்டிப் பாரம் பரவும்படி வையுங்கள். வெறும் சர்க்யூட் போர்டில், அதுவும் சின்னச் சின்ன பாகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில், வைக்கவே கூடாது.

முட்டுக்கும் கார்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் துண்டு இருக்கட்டும். ஸ்பாஞ்ச் வேண்டாம், நாளாக நாளாக அமுங்கிவிடும்.

படி 5: உயரத்தைச் சரிசெய்யுங்கள்

ஒரு கையால் கார்டின் முன் மூலையைத் தாங்கி நிமிர்த்துங்கள். மறு கையால் முட்டைத் திருகி, அது கார்டைத் தொடும் வரை உயர்த்துங்கள். கார்டைத் தூக்குவது உங்கள் கையின் வேலை. தூக்கிய இடத்தில் நிறுத்திவைப்பது மட்டுமே முட்டின் வேலை. திருகாலேயே நெம்பித் தூக்கினால் எவ்வளவு விசை போகிறது என்று விரலுக்குத் தெரியாது, மட்டத்தைத் தாண்டி மேலே போய்விடுவோம். மேல்நோக்கி வளைந்த கார்டும் வளைந்த கார்டுதான்.

மட்டம் பார்க்கப் பலர் போனைக் கார்டின் மேல் வைத்து லெவல் ஆப்பைத் திறக்கிறார்கள். போனே கிட்டத்தட்ட 200 கிராம் இருக்கும்; அது கார்டை இறக்கும். மேசை சாய்ந்திருந்தால் அந்த அளவும் பொய். ஸ்கேல்தான் நம்பகமானது. பின்பக்கப் பட்டைக்கு அருகே கார்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அதே விளிம்பில் முன்முனையிலும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். 25 சென்டிமீட்டர் நீளக் கார்டில் 1 டிகிரி சாய்ந்தாலே நுனியில் 4 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும், ஆகவே ஸ்கேலில் தெளிவாகத் தெரியும்.

படி 6: இப்போது டியூப், கேபிள்

சாஃப்ட் டியூபை ஃபிட்டிங்கில் மாட்டுவதற்கு முன் அதன் நுனியைக் கைவிட்டுப் பாருங்கள். நுனி தானாகவே ஃபிட்டிங் அருகே வந்து நிற்க வேண்டும். பிடித்து இழுத்தால்தான் எட்டும் என்றால் டியூப் குட்டை. தள்ளினால்தான் பொருந்தும் என்றால் நீளம். வளைவு அதிகமாக இருந்தால் 90 டிகிரி ஃபிட்டிங் போட்டு விறைப்பைக் குறையுங்கள். ஹார்டு டியூபை மட்டமான கார்டை வைத்துப் புதிதாக அளந்து வளையுங்கள். பழைய டியூப் பொருந்துகிறதே என்று அதையே நெருக்கி மாட்டாதீர்கள்.

பவர் கேபிளும் இழுக்கும். புதிய 16 பின் கனெக்டர் என்றால் அதிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கேபிளை வளைக்காமல் நேராக விடுங்கள், அதற்குப் பிறகு வளைத்து ஓரிடத்தில் கட்டிவிடுங்கள்.

படி 7: கசிவுச் சோதனை

டியூபைக் கழற்றியவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு இரண்டின் பவர் கேபிள்களையும் பிடுங்கி, பம்புக்கு மட்டும் மின்சாரம் போகும்படி 24 பின் பிரிட்ஜ் பிளக் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்கும் சொருகி) போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழேயும் டிஷ்யூ பேப்பர் மடித்து வையுங்கள். சில மணி நேரமாவது ஓடட்டும். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் இன்னும் நிம்மதி. ஓடும்போது முட்டு அதிர்ந்து நகர்கிறதா என்றும் பாருங்கள், பம்பின் அதிர்வில் காந்தம் இல்லாத ஸ்டாண்டு மெல்ல விலகும்.

ஒரு வாரம் கழித்து, கணினியை அணைத்துவிட்டு, படி 5-இல் எடுத்த அளவை இன்னொரு முறை எடுங்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், முட்டைக் கால் சுற்று ஏற்ற வேண்டியிருக்கலாம். அதன்பின் கூலன்ட் (லூப்பில் ஓடும் திரவம்) மாற்றும்போதெல்லாம் பார்த்தால் போதும்.

வீடு மாற்றும்போது இந்த முட்டை நம்பி வண்டியில் ஏற்றாதீர்கள். இது நிற்கும் கணினிக்கான ஏற்பாடு. சாலையின் குலுக்கலில் ஸ்டாண்டு சரிந்து பிளாக்கிலேயே மோதும். தண்ணீரை வடித்து, கார்டைக் கழற்றித் தனியாகப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கழற்ற முடியாத நிலை என்றால் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, மதர்போர்டு கீழே வரும்படி கேபினெட்டைப் படுக்க வைத்தே கொண்டுபோங்கள்.