அடுப்படியில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது எப்படி? சூட்டிலிருந்து தொடங்குங்கள்

என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை அவளுக்காக இட்லி பார்சல் வாங்கி வந்தேன். சாம்பார் கவரைக் கையில் பிடிக்க முடியாத சூடு. முடிச்சு அவிழவில்லை என்று நுனியைக் கத்தரித்தபோது கவர் தொய்ந்து போயிருந்தது. தட்டில் ஊற்றிய சாம்பாரில் லேசாக ஒரு பிளாஸ்டிக் வாடை. "இதையா அக்கா நான் சாப்பிடணும்?" என்று கேட்டாள். அதைக் கொட்டிவிட்டு வீட்டிலேயே தோசை வார்த்தேன். அன்று மதியம் அலமாரியில் இருந்த டப்பா, பாட்டில் எல்லாவற்றையும் தரையில் இறக்கி வைத்தோம்.

அன்று தொடங்கிப் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்ட வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. முதலில் சூடான பொருளைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரியுங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று முதலில் புரிந்துகொள்வோம்

பிளாஸ்டிக்கை வளையச் செய்ய, நிறம் கொடுக்க, உடையாமல் இருக்க என்று பல வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். அவற்றில் பலவும் பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. சூடு பட்டால் வெளியே வரும், எண்ணெயில் கரையும். பிவிசியை மென்மையாக்கும் தாலேட்டுகள் அப்படிப்பட்டவை.

அதிகம் பேசப்படுவது பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ. கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கும் பாலிகார்பனேட்டை இதிலிருந்துதான் செய்கிறார்கள். டின் உணவு டப்பாக்களின் உள்பூச்சிலும் இது இருந்து வந்திருக்கிறது. இது பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனைப் போல உடலில் வேலை செய்யும் என்பது 1930களிலேயே தெரிந்த விஷயம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், தினமும் உடலுக்குள் போகலாம் என்று தான் வைத்திருந்த பிபிஏ அளவை 2023இல் 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில், உணவைத் தொடும் பொருள்களில் பிபிஏ கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது.

ஒரு வேளை பார்சல் சாப்பிட்டால் நோய் வந்துவிடும் என்று யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. தினமும் சிறுகச் சிறுகச் சேருவதுதான் கவலை. ஆறுதலான விஷயம், பிபிஏ உடலில் தங்குவதில்லை. பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். சான்பிரான்சிஸ்கோ பகுதியில் 5 குடும்பங்கள் மூன்றே நாள் பிளாஸ்டிக் படாத புதுச் சமையலைச் சாப்பிட்டன. அவர்கள் சிறுநீரில் பிபிஏ ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. 2011இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

படி 1: எல்லாவற்றையும் இறக்கி, அடியில் உள்ள எண்ணைப் பாருங்கள்

டப்பாவைக் கவிழ்த்தால் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட். தண்ணீர், கூல்டிரிங்ஸ் பாட்டில்கள். 2ம் 4ம் பாலிஎத்திலீன். கெட்டியான கேன் முதல் மெல்லிய கவர் வரை. 5 பாலிபுரொப்பிலீன்; ஹோட்டல் பார்சல் டப்பாக்களில் பலவும் இதுதான். 3 என்றால் பிவிசி, 6 என்றால் தெர்மாகோல் வகையான பாலிஸ்டைரீன். 7 என்பது 'மற்றவை'; பாலிகார்பனேட் இதில்தான் வரும்.

இந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்லும். 'பாதுகாப்பானது' என்ற சான்றிதழ் அல்ல. உணவுக்கென்றே செய்த பாத்திரமா என்று தெரிய, கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருக்கிறதா பாருங்கள்.

3, 6, 7 எண் உள்ளவற்றையும், எண்ணே இல்லாதவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவற்றில் இனி உணவு வேண்டாம். 'பிபிஏ இல்லை' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள். அதற்குப் பதிலாகச் சில இடங்களில் பிபிஎஸ் என்ற நெருங்கிய உறவுக்கார வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதுவும் ஹார்மோன் வேலையில் குறுக்கிடுகிறது. பெட் பாட்டில் செய்யவோ பிபிஏ தேவையே இல்லை. அதன்மேல் அந்த ஸ்டிக்கரை ஒட்டுவதில் பெருமை ஒன்றும் கிடையாது.

படி 2: சூடான எதுவும் பிளாஸ்டிக்கில் வேண்டாம்

இந்த ஒரு படியோடு நிறுத்திக்கொண்டாலும் பாதி வேலை முடிந்தது என்றே சொல்வேன். 2008இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பாலிகார்பனேட் பாட்டில்களில் கொதிநீர் ஊற்றிப் பார்த்தார்கள். பிபிஏ 15 முதல் 55 மடங்கு வேகமாக வெளியே வந்தது. பாட்டில் பழசா புதுசா என்பதைவிட, உள்ளே ஊற்றியது எவ்வளவு சூடு என்பதுதான் முக்கியமாக இருந்தது.

பார்சலுக்குப் போகும்போது எவர்சில்வர் தூக்கு ஒன்றும் அடுக்கு டிபன் கேரியர் ஒன்றும் எடுத்துப் போங்கள். நான் வண்டியின் சீட்டுக்கு அடியிலேயே ஒரு சின்னத் தூக்கு வைத்திருக்கிறேன். முதலில் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது சாம்பார் ஊற்றுகிற அண்ணன் என்னைப் பார்த்ததும் கையை நீட்டுகிறார், தூக்குக்காக! தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள்களுக்கும் பிளாஸ்டிக் பூசிய டீ கப்புக்கும் தடை இருக்கிறது. ஆகவே கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பேப்பர் கப் பிளாஸ்டிக் இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். டீ கசியாமல் இருக்க அதன் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. காரக்பூர் ஐஐடியில் சோதித்தபோது, 100 மில்லி சுடுநீர் 15 நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலப்பது தெரிந்தது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்துக்கொள்ளலாம்.

இட்லித் தட்டில் துணிதான் விரிக்க வேண்டும். 2025இல் கர்நாடகத்தில் பல கடைகளில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளை விரித்து அவித்தது தெரியவந்து, அரசே தடை செய்தது. 'மைக்ரோவேவ் சேஃப்' என்று போட்டிருந்தால் டப்பா உருகாது, நெளியாது என்றுதான் அர்த்தம். சூடுபடுத்தப் பீங்கானோ கண்ணாடியோ போதும்.

படி 3: எண்ணெயும் புளிப்பும்

ஊறுகாய், புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, நெய். மாதக்கணக்கில் ஒரே டப்பாவில் கிடப்பவை இவைதான். பீங்கான் ஜாடிக்கோ கண்ணாடி பாட்டிலுக்கோ மாற்றுங்கள். புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. ஜாம், தேன் காலியான கண்ணாடி பாட்டில்களைக் கழுவி நன்றாகக் காய வைத்தால் போதும். பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுப் புளிப்பை ஈயம் பூசாத பித்தளையிலோ, செம்பிலோ, அலுமினியத்திலோ வைத்துவிடாதீர்கள். அது வேறொரு தொல்லை.

பஜ்ஜி, வடையைச் செய்தித்தாளில் வைத்து எண்ணெய் எடுக்கும் பழக்கத்தையும் இதோடு விட்டுவிடலாம். அச்சு மை எண்ணெயில் இறங்கும். உணவைச் செய்தித்தாளில் கட்டக்கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வாழை இலைத் துண்டு இருக்கவே இருக்கிறது.

அரிசி, பருப்பு, மிளகு போன்ற காய்ந்த பொருள்கள் 2, 5 எண் டப்பாக்களில் இருந்துவிட்டுப் போகட்டும். அவசரம் இல்லை.

படி 4: கீறல் விழுந்ததையும் மங்கியதையும் ஒதுக்குங்கள்

1998இல் அமெரிக்காவில் பட்ரீசியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளரின் கூடத்தில் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் கூடின. ஆய்வுக்காக எதையும் அவர் மாற்றியிருக்கவில்லை. தேடிப் பார்த்தால், எலிக்கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் யாரோ தவறான, காரத்தன்மை மிகுந்த சோப்பில் கழுவியிருந்தார்கள். பாலிகார்பனேட் அரித்துப்போய் பிபிஏ கசிந்திருந்தது.

இதைப் படித்த அன்றே கம்பி நாரைப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோவதை நிறுத்தினேன். மென்மையான பஞ்சும் சாதாரண சோப்பும் போதும். மங்கிப்போனது, பிசுக்குப் போகாதது, வாடை அடிப்பது எல்லாம் சமையலறையை விட்டு வெளியே.

படி 5: தண்ணீர்

காரிலும் வெயிலிலும் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்காதீர்கள். பெட் தயாரிக்க ஆன்டிமனி என்ற நச்சுத்தன்மை உள்ள தனிமத்தின் சேர்மம் பயன்படுகிறது. சூடு ஏற ஏற அது தண்ணீரில் கூடுதலாக இறங்கும். கடை வாசலில் சித்திரை வெயிலில் அடுக்கி வைத்த கேன் வேண்டாம், நிழலில் இருப்பதைக் கொடுங்கள் என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ ஊற்றிவிடுங்கள். பள்ளிக்கு எவர்சில்வர் பாட்டில். ஒருமுறை பயன்படுத்த வேண்டிய பாட்டிலில் மாதக்கணக்கில் தண்ணீர் பிடிக்க வேண்டாம்.

படி 6: கைக்குழந்தை இருக்கும் வீடு

முடிந்தால் கண்ணாடி பால் பாட்டில். பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். பாட்டிலுக்குள் கொதிநீர் ஊற்றிக் குலுக்க வேண்டாம். பால் பவுடரை எவர்சில்வர் பாத்திரத்தில் சுடுநீர் விட்டுக் கலக்கி, குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுங்கள். பாட்டிலைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்த பிறகு, வேறு பாத்திரத்தில் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பாலிபுரொப்பிலீன் பாட்டில்களில் பால் கலக்கும்போது லிட்டருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் சேருவதைக் கண்டு சொன்ன வழி இது. என் தங்கை மகனுக்கு இப்படித்தான் கலக்கினோம். நாலு நாளில் கை பழகிவிட்டது.

ஒதுக்கியதை என்ன செய்வது?

கோலமாவு, துணி கிளிப், ஆணி, பொத்தான் என்று சாப்பிடாத பொருள்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் போடலாம். வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்க மட்டும் வேண்டாம். பிவிசி எரிந்தால் டையாக்சின் என்ற நஞ்சு புகையோடு வரும், அது நம் மூச்சுக்குள்தான் போகும்.