சின்ன டேட்டாபேஸ் சர்வருக்கு எந்தக் கண்காணிப்புக் கருவி?

ஒன்றிரண்டு டேட்டாபேஸ் சர்வர்தான், பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர்தான் என்றால், கருவியைத் தேடும் முன் எதைக் கவனிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

படி 1: பட்டியல் போடுங்கள்

டிஸ்கில் மீதி இடம், திறந்திருக்கும் கனெக்‌ஷன்கள், மெதுவான குவெரிகள், கடைசியாக பேக்கப் ஒழுங்காக முடிந்த நேரம். தொடக்கத்துக்கு இவை போதும். டிஸ்க்தான் முதலில், அது நிரம்பினால் டேட்டாபேஸால் எதையும் எழுத முடியாது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் யாரும் பயன்படுத்தாத ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் இன்னும் வாங்காத மாற்றப் பதிவுகளை அழியாமல் வைத்திருக்கும் அமைப்பு) ஒன்று இருந்தாலே போதும், பழைய டிரான்சாக்‌ஷன் லாக் கோப்புகள் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

படி 2: உள்ளே இருப்பதைப் பயன்படுத்துங்கள்

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் ஸ்லோ குவெரி லாக்கை (மெதுவான குவெரிகளின் பதிவு) ஆன் செய்யுங்கள். அதன் வரம்பு 10 நொடி என்றுதான் வரும். 1 நொடியாகக் குறைத்தால்தான் உபயோகம். போஸ்ட்கிரெஸில், எந்தக் குவெரி எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒருமுறை ரீஸ்டார்ட் தேவை.

பிறகு, ஒவ்வொரு கனெக்‌ஷனும் இப்போது என்ன செய்கிறது என்று காட்டும் போஸ்ட்கிரெஸ் பட்டியலான பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து, ஸ்டேட் என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று ஒரு வரி நீண்ட நேரம் நின்றால், அப்ளிகேஷன் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு கமிட் செய்யாமல் (முடித்து உறுதி செய்யாமல்) விட்டிருக்கிறது. அது போட்ட பூட்டு (lock) விடுபடாது, பழைய வரிகளைச் சுத்தம் செய்யும் வேக்குவத்தாலும் தன் வேலையை முடிக்க முடியாது. எந்த டாஷ்போர்டும் வாங்காமலே இது தெரிந்துவிடும்.

படி 3: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே சர்வர் என்றால் நெட்டேட்டா. நிறுவுவது எளிது, நொடிக்கு நொடி அளவுகளைக் காட்டும். அதன் 19999 போர்ட்டை மட்டும் இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள்.

சர்வர்கள் கூடும், பழைய நிலவரத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் அளவுகளைச் சேமிக்கும் ப்ரோமீதியஸும் அவற்றை வரைபடமாகக் காட்டும் கிராஃபனாவும். ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் ஓர் எக்ஸ்போர்ட்டர் (அதன் அளவுகளை ப்ரோமீதியஸுக்குத் தரும் சிறு புரோகிராம்) வேண்டும். மாற்றாமல் விட்டால் ப்ரோமீதியஸ் 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும்; போன மாதத்தோடு ஒப்பிட அந்த அளவைக் கூட்டுங்கள்.

ஜாபிக்ஸ் நல்ல கருவிதான். ஆனால் அதற்கே தனி டேட்டாபேஸ் வேண்டும். இவ்வளவு சின்ன அமைப்புக்கு அது அதிகம் என்பேன்.

படி 4: தனி யூசர்

கருவியிடம் நிர்வாகி பாஸ்வேர்டைத் தராதீர்கள். போஸ்ட்கிரெஸ் 10 முதல் கண்காணிப்புக்கான அனுமதிகளைத் தரும் பிஜி_மானிட்டர் என்ற ரோல் இருக்கிறது, கருவிக்கென்று ஒரு தனி யூசரை உருவாக்கி அதைக் கொடுத்தால் போதும்.

படி 5: அலர்ட்

கண்காணிப்பு முழுவதும் அதே சர்வரில் இருந்தால், சர்வர் விழும்போது அதுவும் சேர்ந்து விழும், உங்களுக்குத் தகவலே வராது. வேறொரு மெஷினிலிருந்து 'உயிரோடு இருக்கிறதா' என்று பார்க்கும் சோதனை ஒன்றாவது வேண்டும்.

டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் ஓர் அலர்ட். கனெக்‌ஷன் வரம்பில் 80 சதவீதம் ஐந்து நிமிடம் நீடித்தால் இன்னொன்று. மாற்றாவிட்டால் அந்த வரம்பு மைஎஸ்க்யூஎல்லில் 151, போஸ்ட்கிரெஸில் 100. பேக்கப்புக்கு, ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்தால் மட்டும் ஒரு கோப்பின் நேரத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தினசரி பேக்கப் என்றால் அந்தக் கோப்புக்கு 26 மணி நேரம் ஆனதும் அலர்ட் வரட்டும். வந்தும் நீங்கள் எதுவும் செய்யாத அலர்ட்டை நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, டிஸ்க் வரம்பை இப்போதைய அளவுக்குக் கீழே இறக்கி, செய்தி உங்கள் போனுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பழைய எண்ணை வையுங்கள்.